பிலின்னாவின் வாயில் வேர்விட்ட செடி

கொரிந்து நகரத்துக்கு மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே ஒரு துறைமுகம், மேற்குக் காற்று அடித்தால் சிசிலிக் கப்பல்கள் வந்து சேரும், கிழக்குக் காற்று அடித்தால் ஆசியாக் கப்பல்கள் வந்து சேரும், காற்றே அடிக்காமல் போனால் ஏற்கெனவே வந்தவர்கள் கிளம்ப வழியில்லாமல் எங்கள் வீட்டிலேயே சாய்ந்து கிடப்பார்கள், ஆக மற்ற ஊர்க் கணிகை வீடுகளுக்கெல்லாம் காற்று பார்த்து ஒரு நாளாவது ஓய்வு கொடுக்கும், எங்களுக்கு மட்டும் கொடுக்காது. நான் அந்த வீட்டில் முப்பத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கால்வலிதான்.

என் பெயர் சீரா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது எனக்கே மறந்துபோச்சு. சிரியா தேசத்திலிருந்து பிடித்து வந்தவள் என்பதால் சீரா, அவ்வளவுதான், அடிமைக்குப் பெயர் வைக்க அதற்குமேல் அந்த ஊரில் யாரும் மெனக்கெட மாட்டார்கள். பெண்களுக்குத் தலை வாருவது, முகத்துக்கு வெள்ளைப் பூச்சு பூசுவது, புருவத்துக்குக் கரி தீட்டுவது, குட்டையானவளுக்குச் செருப்புக்குள் தக்கை வைப்பது, உயரமானவளைத் தலை சாய்த்து உட்காரச் சொல்லிக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. எஜமானி பெயர் ஆர்க்கிப்பி. நாங்கள் யாரும் அவள் வயிற்றில் பிறக்கவில்லை, எல்லாரும் சந்தையில் வாங்கி வந்தவர்கள், ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். வருகிற ஆண்கள் எங்கள் பெண்களைத் தோழி என்பார்கள். தோழியாம்! தோழிக்குத் தலைவலி வந்தால் எந்தத் தோழன் எழுந்து வீட்டுக்குப் போனான், சொல்லுங்கள்.

அந்த வீட்டில் அழுதால்கூட மன்னிப்பு உண்டு, முகத்தைச் சுளித்தால் கிடையாது. நல்ல பல்வரிசை உள்ள பெண் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், வருகிறவன் பல்லைப் பார்த்துத்தான் படியேறுகிறான் என்பது அம்மாவின் கணக்கு. சிரிப்பு வராத நாளைக்கென்று ஒரு வழி வைத்திருந்தோம். அந்தப் பக்கத்து வேலிகளில் மிர்ட்டில் என்று ஒரு செடி புதராக மண்டிக் கிடக்கும், சின்ன இலை, வெள்ளைப் பூ, கசக்கினால் மணக்கும், காதலுக்குத் தெய்வமான அஃப்ரொதீத்திக்கு உகந்த செடி. அதில் மெல்லிசாக ஒரு குச்சி ஒடித்து, பாதிச் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி, மூன்று நாள் அடுப்புக்கு மேலே காயவைத்து, சிரிக்காதவளின் கீழுதட்டுக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நெட்டுக்குத்தலாக நிறுத்திவிடுவோம். காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தால் மாலையில் குச்சியை எடுத்த பிறகும் உதடு இறங்காது, உள்ளே என்ன எரிந்தாலும் வெளியே சிரிப்புதான். காயாத குச்சியை மட்டும் வைக்கவே கூடாது என்று எனக்கு முன்னால் இருந்த அலங்காரக்காரி சொல்லிவிட்டுச் செத்தாள், ஏனென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிலின்னா தெஸ்ஸாலிப் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயசு, அரிசி அடுக்கினதுபோல் பல். அவளுக்கு நாலு வயசில் ஒரு மகள், மிக்கா. அந்தப் பிள்ளைக்கு அப்பன் யாரென்று கேட்டால் மேற்குக் காற்று என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள் பிலின்னா, அப்போதெல்லாம் நிஜமாகவே சிரிக்கத் தெரிந்தவள். அடிமை பெற்ற பிள்ளையும் அந்த வீட்டு அடிமைதான் என்பது சட்டம், அதனால் மிக்காவும் ஆர்க்கிப்பி அம்மாவின் சொத்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் அது தெரியாது, முற்றத்துக் கோழிகளுக்கெல்லாம் தானே எஜமானி என்று நினைத்துக்கொண்டு திரிந்தது.

வசந்தம் பிறந்து கப்பல்கள் ஓடத் தொடங்கின முதல் வாரத்தில் மிக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் இறங்கவில்லை. பிலின்னா பிள்ளை பக்கத்திலேயே கிடந்தாள், முகம் செத்துப்போயிருந்தது, அந்த வாரம் பார்த்து இரண்டு பக்கத்துக் காற்றும் முறைவைத்து அடித்து இரண்டு துறைமுகமும் நிரம்பி வழிந்தது. நாலாம் நாள் காலையில் அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இது, இழவு வீட்டு மூஞ்சி? சீரா, குச்சி வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் ஜாடியைப் பார்க்கிறேன், காய்ந்த குச்சி ஒன்றுகூட இல்லை. நானும் மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை, ஒருத்தியை அலங்கரித்து அனுப்பினால் அடுத்தவள் வந்து நிற்கிறாள், நின்றபடியே தூங்கி வெள்ளைப் பூச்சை என் மடியிலேயே கொட்டிக்கொண்டேன். புறக்கடை வேலியில் பச்சையாக ஒரு குச்சியை ஒடித்து நறுக்கி அவள் வாயில் நிறுத்தினேன். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். என் ஆயுசில் நான் செய்த பாவங்களிலேயே பெரியது அந்தச் சோம்பல்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வர வேண்டிய கப்பல்காரர்கள் வேறெங்கோ குடித்துவிட்டு வராமலே போனார்கள். வருஷக்கணக்கில் முதல் தடவையாக வீடு காலியாகக் கிடந்தது. யாருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தபடி எல்லாரும் தூங்கிப்போனோம், அம்மாவும்கூட. பிலின்னா மகள் பக்கத்தில் வாயில் குச்சியோடு தூங்கினாள். அதை எடுக்க வேண்டியவள் நான்.

விடிந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. குச்சியை எடுக்கலாமென்று விரலால் பிடித்தேன், வரவில்லை. கொஞ்சம் இழுத்தேன், பிலின்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோகுது அக்கா" என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தால் கீழ்ப் பல்லீறுக்குள் குச்சி வேர் இறங்கியிருந்தது, மேல்நுனி மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைவாய் ஓரமாக வளைந்து, இரண்டு இலை விட்டிருந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பிலின்னாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள், இலையைத் தொட்டுப் பார்த்தாள், விரலை முகர்ந்தாள்.

"உசிரோடதான் இருக்கு. ஊற்றுத் தண்ணி கொண்டாந்து ஊத்து. கிணத்துத் தண்ணி வேண்டாம், உப்பு" என்றாள்.

அவ்வளவுதான். யாரும் ஓடவில்லை, யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, வெயில் ஏறினதும் ரொட்டிக்காரி வந்து பார்த்துவிட்டு, "எங்க மாமியாருக்குக் காதுல வெந்தயம் முளைச்சுது, அது மாதிரி" என்று சொல்லி ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்துக்குள் அந்தச் செடி ஊர்ச் சமாச்சாரமாகி, அடுத்த மாதம் ஊர் வழக்கமாகிவிட்டது. பக்கத்து நகரத்திலிருந்து ஒரு வைத்தியன் வந்து வேர் ஈரல்வரைக்கும் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு விருந்து சாப்பிட்டுப் போனான். சந்தைத் தூண் மண்டபத்தில் தாடி வைத்த இரண்டு பேர், சிரிப்பது பெண்ணா செடியா, செடி சிரிக்கிறது என்றால் பெண் வெறும் தொட்டியா என்று வெயில் சாயும்வரை வாதாடினார்கள், ஐம்பது அடி தள்ளி இருந்தவளிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. ஹெர்மோன் என்கிற ஒற்றைக்கண் தோட்டக்காரன் பத்து நாளைக்கொரு தரம் சின்னக் கத்தியோடு வந்து அவளை முக்காலியில் உட்காரவைத்துச் செடியைக் கத்தரிப்பான், கத்தரித்ததைக் கூட்டி எடுக்க முடியாதபடி நாலு மாலுமிகள் காத்திருப்பார்கள், ஆளுக்கொரு இலையை மடியில் முடிந்துகொண்டால்தான் கப்பலேறுவார்கள். குடும்பப் பெண்கள், எங்கள் தெருப் பெயரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள், பல்வலிக்கு ஒரு இலை வேண்டுமென்று புறக்கடை வழியாக ஆளனுப்பினார்கள். விருந்தில் இலை ஒன்று உதிர்ந்து யார் கோப்பையில் விழுகிறதோ அவனுக்கு அந்த வருஷம் கடல் வழிவிடும் என்று யாரோ கிளப்பிவிட, அத்தனை ஆண்களும் அவள் முகத்துக்குக் கீழே கோப்பையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கண்றாவி! மற்ற வீடுகளிலும் பச்சைக் குச்சி வைத்துப் பார்த்தார்கள். எதுவும் வேர்விடவில்லை, பெண்களுக்கு வாயெல்லாம் புண், அந்த வீடுகளின் அலங்காரக்காரிகள் ஊற்றடியில் என்னைப் பார்த்தால் துப்பிவிட்டுப் போனார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அவள் எதைக் கேட்டாலும் சிரிப்பாள் என்பதால் ஆண்கள் வந்து அவளிடம் துக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கப்பல் மூழ்கினவன் வந்தான், பிள்ளையைப் புதைத்தவன் வந்தான், வந்து கதறினார்கள், அவள் சிரித்தாள், மனசு லேசாகிப் போனார்கள். அத்தனையையும் இறக்கிவைக்க அவளுக்கு ஒரு இடம் இல்லை. மத்தியானத்தில் முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள், சுவருக்கும் அதே சிரிப்புதான் கிடைக்கும்.

பேச்சும் போச்சு. உதடு இரண்டும் ஒட்டினால்தானே சில எழுத்துகள் வரும், அவள் உதடுகளுக்கு நடுவே மரம் நிற்கிறதே. அதனால் உதடு ஒட்டாத வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள், பாதி நாள் பேசவே இல்லை. மிக்கா என்கிற பெயர் அவள் வாயில் வரவில்லை. கண்ணு என்று கூப்பிட்டாள்.

முதலில் பிள்ளைக்கு ஒரே குதூகலம், அம்மா வாயில் செடி, அதுவும் தன்னைப் பார்த்தால் எப்போதும் சிரிக்கிற அம்மா, இதைவிட என்ன வேண்டும். கொஞ்ச நாளில் அதற்குச் சந்தேகம் வந்தது. கோழியின் காலைக் கட்டி இழுத்தது, அம்மா சிரித்தாள். என் மைக் கிண்ணத்தைக் கவிழ்த்தது, அம்மா கையை ஓங்கிக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் எது சரி, எது தப்பு என்று கற்றுக்கொள்கின்றன, இந்தப் பிள்ளை பார்க்கிற முகத்திலோ எல்லாமே சரிதான். "கண்ணு இல்லை, என் பேர் மிக்கா. பேரைச் சொல்லு" என்று காலை உதைத்துக்கொண்டு நிற்கும். பிலின்னா உதட்டை ஒட்டப் பார்ப்பாள், இலை கன்னத்தில் குத்தும், சத்தம் மூக்கு வழியாக வரும். முத்தம் கொடுக்கப் போனாலும் குச்சி குத்தியது. பிள்ளை கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போகும்.

அறுவடை முடிந்த மாதத்தில் ஒரு காலை, சமையல்காரி எள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது மிக்கா சட்டியைப் பிடித்து இழுத்துவிட்டது, கொதிக்கிற எண்ணெய் இடது கையில் மணிக்கட்டுவரை ஊற்றிவிட்டது. அது போட்ட சத்தத்தில் தெருவே நின்றது. பிலின்னா பாதி வாரின தலையோடு ஓடிவந்தாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன், ஆனால் கீழே விழுந்து கிடந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தபோது பார்த்தது வாயைத்தான்.

"சிரிக்காதே! என் கை வெந்துபோச்சு, அம்மா சிரிக்கிறா! சிரிக்காதே!"

பிலின்னா வாயைக் கையால் மூடினாள், விரல் இடுக்கில் இலை நீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. தூக்கிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் யார் செய்த தப்பினால் அது இப்படி ஆனதோ அவளிடமே அது வந்து ஒண்டுகிறது, அதைவிட வெட்கம், அது என்னிடம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அன்றிலிருந்து மிக்கா என் பாயில்தான் படுத்தது. தாய் ஒரு பக்கம் வந்தால் அது மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்.

குளிர் ஆரம்பித்த சமயம், பிலின்னா என்னிடம் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். தலை வாரத்தான் என்று சீப்பை எடுத்தேன். அவள் வாயைக் காட்டினாள்.

"எடுத்துடு அக்கா."

"பைத்தியமாடி உனக்கு? பல்லும் சேர்ந்து வரும். பல்லு போச்சுன்னா அம்மா உன்னை மாவு ஆலைக்கு வித்துடுவா. கல்லு சுத்திச் சுத்தியே செத்துப்போவே."

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"என் கண்ணு என்கிட்ட இல்லையே அக்கா."

வைத்தவளே எடுப்பதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. இரண்டு நாள் கழித்து ஆர்க்கிப்பி அம்மா விடிந்ததும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மலைமேலே அஃப்ரொதீத்தி தேவி கோயிலுக்குக் கிளம்பினாள், எதற்கென்று சொல்லவில்லை, அவள் வர மத்தியானம் ஆகும் என்று மட்டும் தெரிந்தது. பக்கத்து வெண்கலப் பட்டறையில் ஆணி பிடுங்க வேண்டுமென்று பொய் சொல்லி ஒரு குறடு வாங்கி வந்தேன். புறக்கடையில் வெயிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். குறட்டால் தண்டைப் பல்லோரமாகப் பிடித்து இழுத்தேன். உள்ளே என்னவோ நெறிந்தது, ஒரு பல் ஆடியது, நூல்போல ஒரு வேர் வெளியே வந்து வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. ரத்தம் என் துணியெல்லாம். அவள் கத்தவில்லை, என் முழங்காலைப் பிடித்த பிடியில் பத்து நாளைக்கு நகத் தழும்பு இருந்தது.

அப்போதுதான் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. குறட்டைத் துணிக்குள் ஒளித்தேன், பிலின்னா எழுந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அம்மா மூச்சிரைக்க முற்றத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடியே பிலின்னா, எங்கே போனே? உனக்கு அடிச்சுதுடி யோகம். தேவியே உன்னை வாங்கிக்கிறா."

விஷயம் இதுதான். அடிமைக்குத் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள அந்த ஊரில் வழி கிடையாது, ஆனால் ஒரு தெய்வம் அடிமையை வாங்கலாம், தெய்வம் வாங்கின ஆளை அதற்கப்புறம் எந்த மனுஷனும் சொந்தம் கொண்டாட முடியாது, கல்லில் பெயர் வெட்டிவிட்டால் விடுதலை. மிர்ட்டில் தேவியின் செடி, அது ஒரு பெண்ணின் வாயில் வேர்விட்டிருக்கிறது என்றால் அவள் இருக்க வேண்டிய இடம் கோயில்தானே என்று கோயில் மணியக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் வயசாகிவிட்டது, முட்டி வீங்கிக் கிடந்தது, இழுத்துப் பிடிக்கத் தெம்பில்லை.

"உன்னை மட்டுமில்லடி, உன் பொண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லிட்டேன். பன்னண்டு நாள்ல திருவிழா, அன்னைக்கே கல்லு. இனிமே ஆம்பளைங்க கிடையாது, வேலை கிடையாது, கோயில்ல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு, உன் ஆயுசுக்கும் அந்தச் செடி உன் வாயில உசிரோட நிக்கணும். வாடிடுச்சுன்னா எழுத்து ரத்து, ரெண்டு பேரும் திரும்பி என் வீட்டுக்கு வந்துடணும்."

மிக்கா கோழியைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது, தன்னைப் பற்றித்தான் பேச்சென்று தெரிந்து நின்றது, ஆர்க்கிப்பி அம்மாவை ஏறிட்டுப் பார்த்து முகத்தை அஷ்டகோணலாகச் சுளித்தது. அம்மா அதன் முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தினாள்.

"என்னடி மூஞ்சி இது? மலைக்குப் போறவரைக்கும் இது என் வீடு. போகலைன்னாலும் என் வீடுதான். இந்த மூஞ்சிக்கு இங்கே இடமில்லை. சீரா, இவளுக்குன்னும் தனியா ஒரு குச்சி காய வை. நாள் கிடக்கு, ஆனா சின்னதுலேயே பழகணும்."

சொல்லிவிட்டுக் காலில் எண்ணெய் தடவிக்கொள்ள உள்ளே போனாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உப்பு வாங்கி வை என்பதுபோல்தான் சொன்னாள்.

நான் பிலின்னாவை இழுத்துக்கொண்டு புறக்கடைக்கு வந்தேன். "சீக்கிரம் உட்காரு, இன்னும் ஒரே இழுப்பு. பல்லு விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்று குறட்டைக் கையில் எடுத்தேன். அவள் வெளியே வந்திருந்த அந்த வேரை நாக்கால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடு அக்கா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? இந்தச் சிரிப்போட மலையேறினா அந்தப் பிள்ளை உன்னை ஆயுசுக்கும் திரும்பிப் பார்க்காதுடி. நீ சாகக் கிடந்தாலும் சிரிக்கிறேன்னுதான் நினைக்கும்."

"தெரியுது" என்றாள் பிலின்னா.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் செடியைக் காப்பாற்றினோம். எதைப் பிடுங்க வேண்டுமென்று குறடு தூக்கினேனோ அதற்கு நானே மணிக்கொரு தரம் ஊற்றுத் தண்ணீர் விட்டேன். ஹெர்மோனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன், அவன் ஒரு வார்த்தை கேட்காமல் ஆடின பல்லையும் தண்டையும் சணல் நூலால் சேர்த்துக் கட்டி மேலே தேன்மெழுகு பூசினான். ஐந்தாம் நாள் இலைகள் சுருண்டன, பிலின்னா சோறு தண்ணீர் தொடவில்லை, நான் மனசார அந்தத் தேவியைத் திட்டினேன். எட்டாம் நாள் ஒரு தளிர் வந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன், அவள் அழுதாலும் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான்.

திருவிழா அன்று பார்க்க வேண்டும் கூட்டத்தை! தண்டு நுனியில் பருவம் தப்பி இரண்டு வெள்ளைப் பூ பூத்திருந்தது, தேனீ ஒன்று மலை உச்சிவரைக்கும் அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டே வந்தது. குழல் ஊதுகிறவர்கள் முன்னால் போக, நகரத் தலைவர்கள் பின்னால் வர, கல்வெட்டுக்காரன் இரண்டு பெயரையும் வெட்டி முடித்துச் சிவப்பு பூசினான். எனக்குப் படிக்கத் தெரியாது, ஹெர்மோன் விரல் வைத்துக் காட்டினான், பெரிய பெயர் ஒன்று, அதற்குக் கீழே சின்னப் பெயர் ஒன்று. பிறகு கோயில் கதவைத் திறந்தார்கள். அடிமைகள் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. மிக்கா என் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவகூடப் போகமாட்டேன், அவ சிரிப்பா, நான் போகமாட்டேன் என்று கத்தியது. வெந்த கையில் தோல் புதுசாக இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், பிரிக்கப் பிரிக்கப் பிடித்தது, திரும்பவும் பிரித்தேன். பிலின்னா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அது அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனது, பெற்றவளை விட்டுவிட்டு என்னை.

பத்து வருஷம் போச்சு. ஆர்க்கிப்பி அம்மா செத்து, வீடு அவள் தம்பி மகளுக்கு வந்து, காற்று மட்டும் அதேபடி அடித்துக்கொண்டிருக்கிறது, நானும் அதே பெண்களுக்கு, அதே பெண்கள் இல்லை, வேறு பெண்களுக்கு, தலை வாரிக்கொண்டிருக்கிறேன். கோயிலில் பிற்பாடு ஒரு சலுகை கொடுத்தார்கள், திருவிழா அன்று ஒரு நாள் அடிமைகளும் உள்ளே போகலாம் என்று. அன்றைக்கு மட்டும் நான் ஏறுவேன். வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்து ஏற வேண்டியிருக்கிறது, முட்டி சொன்னபடி கேட்பதில்லை.

இந்த வருஷமும் போனேன். வாசலில் வருகிறவர்கள் கையில் தண்ணீர் ஊற்றுவது இப்போது மிக்காவின் வேலை, அன்றைக்குப் பிரிந்த பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறேன், பதினாலு வயசு, பிலின்னாவின் அதே பல்வரிசை, ஆனால் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் சிரித்தால்தானே. அப்படி ஒரு மூஞ்சியை நான் கொரிந்து நகரத்தில் எந்தப் பெண்ணிடமும் கண்டதில்லை. புருவம் இரண்டும் சேர்ந்து, உதடு பிதுங்கி, வருகிறவன் ஒவ்வொருத்தனையும் நீ யாரடா என்பதுபோல் முறைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால் நகரத் தலைவர் வந்தார், கருஞ்சிவப்பு அங்கி, பின்னால் ஆறு பேர். அவர் சும்மா இருக்காமல், "கொஞ்சம் சிரியேன் பெண்ணே, உன் தாயைப் பாரு" என்றார். மிக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் கையில் ஊற்ற வேண்டிய தண்ணீரை அவர் செருப்பின்மேல் நிதானமாக ஊற்றினாள். மணியக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார், அவரையும் முறைத்தாள். அவர் என்ன செய்வார், அவள் தேவியின் ஆள், கல்லில் பெயர் இருக்கிறது, தொட முடியாது. நகரத் தலைவர் நனைந்த செருப்போடு உள்ளே போனார்.

என் முறை வந்தது. அவளுக்கு என்னை ஞாபகம் இருந்ததா தெரியவில்லை.

"உள்ளேதான் இருக்கா" என்றாள். "சிரிச்சுக்கிட்டு."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவ அங்கே அப்படி உட்கார்ந்திருக்கிறதாலதான்டி நீ இங்கே இப்படி நின்னுக்கிட்டு இருக்கே. தெரியுமா உனக்கு?"

"தெரியும். எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றாள் மிக்கா. "நான் கேட்டேனா அவளை?"

சொல்லிவிட்டு எனக்கும் ஒரு முறைப்பு. பிறகு அடுத்த ஆளுக்குத் திரும்பிக்கொண்டாள்.

பிலின்னா உள்ளே பளிங்கு ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாள். செடி இப்போது நன்றாக முற்றிவிட்டது, பாதி முகம் இலைதான், தலையில் நரை. அங்கிருந்து வாசல் தெரியாது, மகள் உள்ளே வருவதில்லை, வருஷம் முழுக்க வருகிற ஜனங்கள் தங்கள் துக்கத்தைச் சொல்வார்களே தவிர வாசலில் நிற்கிற மகளைப் பற்றி இவளிடம் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கொஞ்சம் விலகட்டும் என்று காத்திருந்து, பிறகு நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன், கிட்டத்தட்ட விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு மனசு ஆறவில்லை.

"உன் பொண்ணு மூஞ்சி சகிக்கலைடி. வாசல்ல நின்னு வர்றவங்களை எல்லாம் முறைக்கிறா. ஒரு ஆளை விடலை. அவ்வளவு பெரிய மனுஷங்க முன்னாடி, என்ன பழக்கம் இது?"

பிலின்னா குனிந்து என் பக்கம் வந்தாள், இலையெல்லாம் என் நெற்றியில் உரசியது. கண் இரண்டும் அப்படிப் பளபளத்ததை அவள் கன்னிப்பெண்ணாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"யாரை?" என்றாள்.

"எல்லாரையும்தான்."

"இல்லை அக்கா. யாரை, யாரை?"

ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொல்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முட்டியை நீட்டி வாகாக உட்கார்ந்துகொண்டு, நான் நகரத் தலைவரிலிருந்து ஆரம்பித்தேன்.